ஒரே லாட்

ஜூன் 3, செவ்வாய்
சாரதாமணியோடு காங்கேயத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பொங்கியண்ணன் மச்சான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஆஸ்பிரின் போடுகிறார். "நமக்கு ஒரே வயசு, ஒரே சக்கரை, ஒரே டென்சன். ஒரே லாட்டுங்க மாப்ள. ஒரு பீசுல பழுதுன்னா அடுத்ததுலயும் இருக்குமுங்க. நீங்களும் போடுங்க" என்றார். பனியன் கம்பெனி வைத்து, ஒரே துணியில் லாட் லாட்டாகத் தைக்கிறவனுக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? ஒரு அட்டை வாங்கிவிட்டேன்.

ஜூன் 19
கம்பெனியில் கத்தரி விரலில் கீறியது. அரை மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை. வெள்ளை பனியன் ஆறு பீஸ் கறை. செக்கிங் பார்க்கும் ரோஸ்மேரி, "என்ன ஓனர், தண்ணியா ஓடுது!" என்று பதறினாள். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷம்.

ஜூலை 8
வயிறு எரிகிறது.

ஜூலை 11
மலம் தார் மாதிரி கறுப்பு. சாரதாவிடம் சொல்லவில்லை. போட்டால் வயிறு, விட்டால் நெஞ்சு — எதுக்குத்தான் பயப்படறது?

ஜூலை 14, திங்கள்
வாய் வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், ரத்தக் கசிவு. டாக்டரம்மா திட்டினார்: "யாரைக் கேட்டுப் போட்டீங்க? உங்களுக்கு நெஞ்சு வியாதியே இல்லை. உங்களுக்கு இதுல நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம். நிறுத்துங்க."

ஜூலை 15
ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வராததுமாக மச்சானுக்குப் போன் போட்டேன். "அது விசமுங்க மச்சான். குப்பையில வீசுங்க. ஒரே லாட்டுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?" சிரித்தார். "அப்ப மொத்த லாட்டும் ரிஜெக்டுங்களா? சரீங்க மாப்ள." பெரிய நிம்மதி.

ஜூலை 29
மச்சானுக்கு மாரடைப்பு. ஐ.சி.யூ. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டதாம். "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் கேட்டபோது சாரதா என்னைப் பார்த்தாள். நான் போன் போட்டது அவளுக்குத் தெரியாது.

அந்த டாக்டரம்மா 'உங்களுக்கு'ன்னுதானடா சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்களே. பாவி.

ஜூலை 31
சாரதாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் ஆஸ்பத்திரிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
மச்சான் வீடு வந்து நாலு நாள். இதயம் பாதி பலம்தானாம், படியேற முடியவில்லை. தினமும் காலையில் காங்கேயம் போய், அவர் மாத்திரையை விழுங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குக் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாரதா வாசலிலேயே கேட்டாள்: "ஏனுங்க, எங்கண்ணன் மாத்தரை போட்டாங்களா?"

பதினேழு நாள் கழித்து முதல் பேச்சு. "போட்டாருங்க" என்றேன். அவளுக்கு நான் மரியாதையாக 'ங்க' போட்டது இதுதான் முதல் தடவை.