பத்து நிமிடக் குக்கீ

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை.

இன்று அண்ணாச்சியிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவருடைய பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் எடுக்கும் வெப்சைட்டை எழுதியது நான். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனதும் சர்வர் குக்கீ என்று ஓர் அடையாளச் சீட்டைக் கொடுக்கும். அது கம்ப்யூட்டரில் இருக்கும்வரை, முன்னால் யார் உட்கார்ந்தாலும் சர்வருக்கு அவர் அண்ணாச்சிதான். போன வாரம் அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில் அவர் தங்கை மாப்பிள்ளை அங்கே உட்கார்ந்து, வேண்டிய ஒருவருக்கு ரேட்டைக் குறைத்துவிட்டார். பழி என் வெப்சைட் மேல் விழுந்தது. அதனால்தான் பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் குக்கீ செல்லாதபடி மாற்றினேன்.

"ஏம்மா, ஒரு நாளைக்கு எம்புட்டு தடவ பாஸ்வேர்டு அடிக்கது?" என்றார் அண்ணாச்சி.

"டீ குடிச்சிட்டு வந்தா, நீங்களே ஆனாலும் ஃபேக்டரி கேட்டுல தீப்பெட்டி இருக்கான்னு சட்டைப் பையத் தடவிப் பாத்துத்தான விடுதாக? காலையில பாத்தாச்சுன்னு விடுதாகளா?"

"அங்கன இருக்கது வெடிமருந்து. இங்கன என்ன இருக்கு?"

"இங்கன உங்க பேரு இருக்கு, அண்ணாச்சி."

பக்கத்தில் மாப்பிள்ளை ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குள்ள பழையபடி மாத்து. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி.

பார்க்கட்டும். தீபாவளி சீசனில் யார் வருகிறார்கள் என்று நானும் பார்க்கிறேன். இந்த வேலை போகலாம் என்று அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

இப்போதுதான் லேப்டாப்பில் புரோகிராமின் அந்தப் பத்து நிமிட வரியைத் திறந்தேன். மாற்ற வேண்டியது ஒரே ஓர் எண்தான்.

பத்தை அழித்துவிட்டு ஐந்து என்று போட்டேன்.