சுவரில் அடித்துப் பழகினவர்

1934 ஆகஸ்ட் 12, ஞாயிறு. பிரிக்பீல்ட்ஸ்.

இன்றைக்கு வாலிபால் மேட்சில் என் வீட்டுக்காரர் கட்சி ஜெயித்தது. ஆபீஸ் சிநேகிதர்கள் தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு வந்தார்கள். "இப்படி அடிக்க எங்கேப்பா பழகினே?" என்று ஒருத்தர் கேட்டார்.

"பின்னால சுவர் இருக்குல்ல, அதுல தனியா அடிச்சுப் பழகினேன்" என்றார் இவர். நான் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு மாதமாகத் துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் நின்று, இவர் அடித்த பந்தையெல்லாம் கையால் தடுத்தவள் நான். சுமங்கலி வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்று தெரிந்தும், உடையுமே என்று கண்ணாடி வளையலைத் தினமும் கழற்றி வைத்தேன். மணிக்கட்டு இன்னும் சிவந்திருக்கிறது.

சற்றுமுன், "காலையில பழகலாமா?" என்று கேட்டார். வளையலை எடுத்து மாட்டிக்கொண்டேன். சுவர் அங்கேயேதான் நிற்கிறது.