நாகப்பனின் பெங்களூர்ப் பரீட்சை

ஐப்பசி 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். தம்பி நாகப்பன் போய்விட்டான். மதியத்துக்குள் அடக்கம். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இறைத்து இறைத்துப் பார்த்தார்கள், கடைசியில் அப்படியே இறக்கினார்கள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் லட்சுமி எழுதுகிறாள். யாருக்கும் படித்துக் காட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

"மெதுவா சொல்லுங்க மாமா, கை வலிக்குது."

சரி, மெதுவாக. பாஷை பார்த்து நாட்டைப் பிரித்தார்களே, அந்த வருஷம். ஓசூர்ச் சந்தையில் வியாபாரத்தைவிட இந்தப் பேச்சுதான் அதிகம். ஓசூர் மைசூரோடு சேரும் என்று பாதிப் பேர், சேராது என்று பாதிப் பேர். அந்தக் கோடையில்தான் எங்கள் தொழுவத்தில் வெக்கை நோய். பசுக்கள் எல்லாம் போய் இரண்டு எருதுகள் மிச்சம். நாகப்பன் அப்போதுதான் ஓசூரில் பள்ளிக்கூடப் படிப்பு முடித்திருந்தான். செத்த பசுவின் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னான்: "அண்ணா, நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கப்போறேன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். "மொதல்ல இதுக்குக் குழி வெட்டுடா டாக்டரு."

ஐப்பசி 5, புதன்

மழை விட்டது. துக்கம் கேட்க வேப்பனப்பள்ளியிலிருந்து உறவுக்காரர்கள். காப்பிக்குப் பால் போதவில்லை. பந்தல்காரன் நாற்காலிகளை நனைய விட்டுவிட்டான்.

மாட்டு டாக்டர் ஆவதற்கு முன்னால் சாதாரணக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். நாகப்பனுக்குச் சேலம் போக ஆசை. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு நாம மைசூர்க்காரங்கடா. சேலத்துல படிச்சிட்டு வந்து இங்க என்னா பண்ணுவே? பெங்களூரு பரிச்சை எழுது."

அந்தப் பரீட்சையில் கன்னடத்துக்கு ஒரு தாள். எங்களுக்குத் தெரிந்தது சந்தைக் கன்னடம். ஒரு வருஷம் வீட்டிலிருந்து படிப்பது என்று முடிவு. நாகப்பன் வேளாண்மையை வைத்தே கெடு வைத்துக்கொண்டான். ராகி விதைப்புக்குள் கணக்கு. களையெடுப்புக்குள் இங்கிலீஷ். அறுப்புக்குள் கன்னடம். அப்புறம் எல்லாம் இன்னொரு தரம்.

படித்தது கிணற்றடியில். நான் கவலை ஏற்றம் ஓட்டுவேன்: எருதுகள் சரிவில் இறங்கினால் தோல்சால் தண்ணீரோடு மேலே வரும், பின்னால் வந்தால் கிணற்றுக்குள் போகும். அவன் மடை திருப்பிக்கொண்டே உரக்கப் படிப்பான். காதில் விழுந்தது எனக்கு மறக்காது. மறுநாள் ஒரு சாலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். பதில் வராவிட்டால் எருதுகளை நிறுத்திவிடுவேன். வயல் காயும்.

"ஓட்டு அண்ணா, சொல்லிடறேன்."

"சொல்லு, ஓட்டறேன்."

ஐப்பசி 6, வியாழன்

பால் ஊற்றினோம். வெயில். என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். காகம் வரவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

சரோஜா. கன்னட வாத்தியார் மகள். வாத்தியார் எங்கள் ஊரில்தான் குடியிருந்தார், நாகப்பனுக்குக் கன்னடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். சரோஜாவும் அதே பரீட்சைக்குப் படித்தாள். காலையில் எங்கள் கிணற்றுக்குத் தண்ணீருக்கு வருவாள். குடம் நிறைந்த பிறகும் நிற்பாள். இவன் கன்னடம் படிக்கையில் தப்பு வந்தால் "ஏனப்பா, இஷ்டேனா?" என்பாள். இவ்வளவுதானா என்று கேலி. இவன் காது சிவந்துபோகும். அவள் வராத நாளில் எந்தக் கேள்விக்கும் பதில் வராது. எருதுகளுக்கு ஓய்வு.

இதைச் சொன்னபோது லட்சுமி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எழுது என்றேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

மறுபடி மழை. முழங்கால் குடைச்சல். நாகப்பனின் வேட்டிகளை யாருக்குக் கொடுப்பது என்று பேச்சு.

நாட்டைப் பிரித்தார்கள். ஓசூர் நகரவில்லை, மதராஸோடுதான். சேலத்தில் சேரும் காலம் தாண்டிவிட்டது. அப்பா மட்டும் விடவில்லை. "கடுதாசியில கோடு போட்டா ஆச்சா? மறுபடி மாத்துவாங்க, நீ படிடா." வாத்தியார் குடும்பத்தோடு ஆனேக்கல் போனார், கோட்டுக்கு அந்தப் பக்கம். கிணற்றடி வெறிச்சென்று ஆனது. ஆனாலும் படித்தான். முன்னைவிட அதிகமாகப் படித்தான்.

கோடையில் பெங்களூர் போய் எழுதினான். தேறினான். சுவரில் ஒட்டிய தாளில் அவன் பெயரும் இருந்தது, சரோஜா பெயரும் இருந்தது. அப்பா அந்தச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கப்புறம்தான் ஒரு ஆள் சொன்னான்: இடம் மைசூர் ராஜ்யத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்.

மகளோடு அங்கே வந்திருந்த வாத்தியார் ஒரு வழி சொன்னார். "என் வளர்ப்பு மகன்னு சொல்லட்டும். ஆனேக்கல்ல என் வீட்டுலதான் இருக்கான்னு நான் சொல்றேன்."

அப்பா, "வாயால சொல்றதுதானே. அதுக்கு நான் என்னா செத்தா போயிடுவேன்? சொல்லுடா" என்றார். சொல்லிவிட்டு வெளியே மரத்தடிக்குப் போய்விட்டார்.

கல்லூரி ஆபீசில் மேசைக்கு முன்னால் நாகப்பன், வாத்தியார், சரோஜா. நான் கதவோரம். குமாஸ்தா நல்ல மனுஷன், தலையைத் தூக்காமல் கன்னடத்தில் கேட்டார்: "அப்பா பேர்?"

நாகப்பன் சரோஜாவை ஒரு தரம் பார்த்தான். எங்கள் அப்பா பெயரைச் சொன்னான். எங்கள் ஊரையும் சொன்னான். சுத்தமான கன்னடம், ஒரு தப்பு இல்லை. குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார்.

ஐப்பசி 10, திங்கள்

நேற்றுச் சொன்னதில் மிச்சம். அப்பா கோபப்படவில்லை. ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்: "படிப்பு போனா போவட்டும், எம்பேரை விட்டுக்குடுக்கலயே எம்புள்ள." சாகிறவரைக்கும் சொன்னார். நாகப்பன் மறுத்ததே இல்லை.

அடுத்த வருஷம் சேலம் போடா என்றேன். "போதும்ண்ணா" என்றான். எல்லையில் செக்போஸ்ட் போட்டபோது வேலைக்குப் போனான். லாரி வந்தால் மூங்கிலைத் தூக்குவது, இறக்குவது. ஓய்வு பெறும்வரை அதே வேலை. கல்யாணம் ஆயிற்று. நல்ல பெண், முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையில்லை.

ஊரில் யாராவது மாட்டுக்குச் சுகமில்லை என்றால் எழுந்து உள்ளே போய்விடுவான்.

ஐப்பசி 11, செவ்வாய்

மூட்டம். எண்ணெய்க்காரன் வரவில்லை. சரோஜா பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். லட்சுமி நம்பர் விசாரித்துப் போன் போட்டு என் காதில் வைத்தாள்.

"அண்ணா, நான் சரோஜா. போய்ட்டானாமே."

நான் இதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு அவன் ஏம்மா அப்பா பேரைச் சொன்னான்?"

"வெளிய வந்ததும் நானும் அதைத்தான் கேட்டேன். உனக்கு அண்ணனா இருந்து படிச்சு எனக்கு என்னா ஆவணும்னான்."

வாத்தியார் மகன் என்று சொல்லியிருந்தால் இவள் தங்கை. அந்த ஒரு சொல்லை அவனால் சொல்ல முடியவில்லை.

"நீ என்னாம்மா சொன்னே?"

"முட்டாள்னு திட்டினேன். இவ்ளோ படிச்சிட்டு சீட்டை விட்டுட்டியேடா முட்டாள்னு. வேற ஒண்ணும் சொல்லலண்ணா. அதுக்கப்புறம் அவனைப் பார்க்கவே இல்ல. அந்தப் பக்கம் பஸ்ல வர்றப்போல்லாம் செக்போஸ்ட் வந்தா எட்டிப் பாப்பேன். வேற யாராவதுதான் மூங்கில் புடிச்சிட்டு நிப்பாங்க."

அழவில்லை அவள். "இஷ்டே அண்ணா" என்று வைத்துவிட்டாள்.

லட்சுமிதான் அழுதாள். நோட்டு நனையும் என்றேன்.

ஐப்பசி 14, வெள்ளி

கருமாதி. நல்ல வெயில். சாம்பாரில் உப்பு அதிகம். பந்தல் பிரித்தாயிற்று.

அன்று குமாஸ்தாவின் அறையில் நின்றவர்களை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்பா வெளியே, அவர் எப்போதோ காலமாகிவிட்டார். குமாஸ்தா அப்போதே நரைத்தவர். வாத்தியார் ஆனேக்கல்லிலேயே செத்தார், சேதி கேட்டு நாகப்பன் இரண்டு நாள் சாப்பிடவில்லை, சாவுக்கும் போகவில்லை. இப்போது நாகப்பன். நான் கதவோரம் நின்றவன், என்னைச் சேர்க்கவில்லை. மேசைக்கு முன்னால் நின்றவர்களில் மிச்சம் சரோஜா.