லாம்டாவின் ஆயுசு

4.9.1983, ஞாயிறு இரவு

பெண் பார்க்கப் போன வீட்டில் சாவுப் பேச்சை எடுத்த மேதாவி நான்தான். பிரிக்பீல்ட்ஸில் பெண்ணின் அம்மா, "மாப்பிள்ளை எதுல ஆராய்ச்சி பண்றாரு?" என்று கேட்டார். அக்கா மகனைப் பெருமைப்படுத்துகிறேன் பேர்வழி என்று, "லாம்டான்னு ஒரு துகள்ங்க. பொறந்த உடனே செத்துப்போயிரும்!" என்றேன். நீட்டிய கேசரித் தட்டு அப்படியே பின்வாங்கியது. அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

நல்லவேளை, பையன் வாயைத் திறந்தான். "இல்ல ஆன்டி, அதுக்குள்ள விசித்திர குவார்க்னு இன்னும் சின்னத் துகள் ஒண்ணு இருக்கு. எல்லாரும் எதிர்பார்த்ததைவிடப் பல கோடி மடங்கு கூடுதலா வாழும். அதனாலதான் விசித்திரம்னே பேரு."

"அப்ப ஆயுசு கெட்டி லா!" என்று அந்த அம்மா சிரித்தார். தட்டும் வந்தது, சம்மதமும் வந்தது. அப்பாடா.

காரில் வரும்போது, "எவ்வளவு நேரம்டா வாழும்?" என்று கேட்டேன். கண் இமைக்கிற நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட இல்லையாம்.