நாலு மணிக்கு இரண்டாம் வாசல்

மார்ச் 4

மருமகளுக்கு,

நீயும் என் மகனும் கோர்ட்டில் பிரிந்துவிட்டீர்கள். உனக்கும் எனக்கும் யாரும் தீர்ப்பு எழுதவில்லை. அதனால் மருமகள்தான்.

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்புப் படிப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

என் பேத்தி சில்வண்டைப் பார்த்து ஏழு மாதம் பன்னிரண்டு நாள் ஆகிறது. அவள் அப்பன் கோர்ட் கொடுத்த நாளில்கூட வருவதில்லை. அவனோடு நானும் பேசுவதில்லை. அவன் செய்ததற்கு என்னை ஏன் தண்டிக்கிறாய்?

ஒரு நாள், ஒரே நாள், பெரிய பூங்காவுக்கு அவளைக் கூட்டிப்போகிறேன். கண்ணாடி வீடு, தாம்பாளம் மாதிரி இலை மிதக்கும் குளம், பூவால் செய்த கடிகாரம், எல்லாம் எனக்கு அத்துப்படி. பள்ளிக்கூடத்து ஆயாவாக முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளை அங்கே வரிசையாகக் கூட்டிப்போனவள் நான். ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை.

உன் கல்யாணத்தில் உன் பெரியம்மா எனக்குக் கை உடைந்த நாற்காலியைக் காட்டியதை நான் மறக்கவில்லை. ஆனால் அதை இதில் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
மாமியார்


மார்ச் 9

அத்தைக்கு வணக்கம்.

பெரியம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. நாற்காலியை விட்டுவிடுங்கள்.

பதினாறாம் தேதி ஞாயிறு எனக்கு ஆஸ்பத்திரி லேபில் டியூட்டி. காலை பத்து மணிக்கு இரண்டாம் வாசலில், டிக்கெட் ஜன்னல் பக்கத்தில், அவளை உங்களிடம் விடுகிறேன். மாலை நாலு மணிக்கு அதே இடத்துக்குக் கூட்டி வந்துவிடுங்கள். ஐஸ் வேண்டாம், இருமல் இருக்கிறது. அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். என்னைத் திட்டவேண்டும் என்று தோன்றினால் வீட்டுக்குப் போய்த் தலையணையிடம் திட்டுங்கள்.

இப்போதே தொப்பியை எடுத்து வைத்துவிட்டாள்.

உங்கள்,
மருமகள்


மார்ச் 17

அத்தை,

வணக்கம் எழுதக் கை வரவில்லை.

நாலு மணிக்கு வந்து நின்றேன். ஐந்தே முக்காலுக்குக் காவலாளி விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பினார். ஏழு தடவை போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. "பொண்ணு என்ன கலர் டிரெஸ்மா?" என்று அவர் கேட்டார். எனக்குச் சொல்ல வரவில்லை. காலையில் போட்டுவிட்டவளே நான்தான்.

அப்புறம் மதில் ஓரமாக நாலாம் வாசல் பக்கமிருந்து இரண்டு பேரும் நடந்து வந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் கையை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனீர்கள். கேட்டால், "ஒளிஞ்சு விளையாடினோம்மா. உங்கம்மா தேடட்டும்னு பாட்டி சொன்னாங்க" என்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். வேண்டுமென்றே செய்தீர்களா, இல்லை வழி மறந்துபோனீர்களா? என் மேல் இருக்கும் கோபம் என்றால் சொல்லிவிடுங்கள். உங்கள் கோபத்தோடு எட்டு வருஷம் ஒரே வீட்டில் குப்பை கொட்டியவள், சமாளித்துக்கொள்வேன். மறதி என்றால் இனிமேல் அவளை உங்களிடம் தனியாக விட என்னால் முடியாது.


மார்ச் 21

மருமகளுக்கு,

வேண்டுமென்றேதான் செய்தேன்.

சில்வண்டு பிறந்தது செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒன்றேகாலிலிருந்து நாலு மணி வரை என்னை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தாய். உன் அம்மா உள்ளே, உன் தங்கை உள்ளே, உன்னோடு வேலை பார்க்கிறவள்கூட உள்ளே. நாலாவது ஆளாகத்தான் பிள்ளை என் கைக்கு வந்தாள். காத்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று நீயும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பார்த்தாய்.

எனக்கா வழி மறக்கும்? அந்தப் பூங்காவில் கண்ணைக் கட்டி விட்டாலும் வந்து சேருவேன்.

பிள்ளையை வைத்துக் கணக்குத் தீர்த்தது தப்பு. மன்னித்துக்கொள். மறுபடி அனுப்பு.

இப்படிக்கு,
மாமியார்


மார்ச் 26

அத்தைக்கு வணக்கம்.

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால், உண்மையைச் சொன்னால், நிம்மதியாகவும் இருந்தது. அந்தப் பெஞ்ச் விஷயம் நிஜம். அன்றைக்கே உங்களை உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஏப்ரல் ஆறாம் தேதி, அதே நேரம், அதே வாசல். இந்தத் தடவை ஆளுயரச் செடி வளர்த்துச் சுற்றுப் பாதை வைத்திருக்கிறார்களே, அதற்குள் பாட்டியோடு போகவேண்டுமாம். காலண்டரில் வட்டம் போட்டுவிட்டாள்.

உங்கள்,
மருமகள்


மார்ச் 30

அம்மாடி,

அவளை அனுப்பாதே.

பெஞ்ச் நிஜம். அதற்காகச் செய்தேன் என்றது பொய்.

குளத்தைவிட்டுக் கிளம்பும்போது மணி மூன்றரை. கண்ணாடி வீட்டைத் தாண்டினால் இரண்டாம் வாசல். தாண்டினோம். எனக்கு முன்னால் நாலு பாதை இருந்தது. நாலும் நான் பிறந்ததிலிருந்து பார்க்காத பாதை. "பாட்டி, இப்படித்தானே வந்தோம்" என்று சில்வண்டு கையைக் காட்டினாள். "உனக்கு என்னடி தெரியும்?" என்று அதட்டி வேறு பக்கம் இழுத்துப்போனேன். அவள் காட்டியதுதான் சரி.

பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நீதான் என்று தெரியும். எடுத்தால் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பாய். தோட்டக்காரர் ஒருவர் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார், அவரிடமும் கேட்கவில்லை. நான் போய் வழி கேட்பதா என்று ஒரு திமிர். பிள்ளைக்கு உதடு பிதுங்கியதும் ஒளிந்து விளையாடுகிறோம் என்று சொன்னேன். சிரித்தாள். அப்புறம் அவளே ஒரு வாசலைக் கண்டுபிடித்து என்னை வெளியே கொண்டுவந்தாள்.

இது மட்டும் என்றால் சொல்லாமல் மறைத்திருப்பேன். நடுவில் கொஞ்ச நேரம், என் கையைப் பிடித்திருக்கிற பிள்ளை யார் என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்றே நினைத்தேன். கூட்டிப்போக யாராவது வருவார்களா என்று போகிற வருகிற பொம்பளைகள் முகத்தையெல்லாம் பார்த்தேன். எவளாவது ஒருத்தி வந்து "என் பிள்ளை" என்று கையை நீட்டியிருந்தால் கொடுத்திருப்பேன் அம்மாடி.

டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்து, வயசு என்றார். உன் பெரியம்மாவின் நாற்காலி நினைவிருக்கிறது, பெஞ்ச் கிழமையோடு நினைவிருக்கிறது. வேண்டியது நிற்கமாட்டேன் என்கிறது. நான் என்ன செய்யட்டும், சொல்.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் சும்மா இருந்தேன். ஆறாம் தேதி போய்விடலாம், இந்தத் தடவை தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். தாளை எங்கே வைத்தேன் என்று தேடியதும் பயந்துவிட்டேன்.

சில்வண்டு கேட்டால் பாட்டி கோபமாக இருக்கிறாள் என்று சொல்லிவிடு. நம்பிவிடுவாள். நான் எதற்குத்தான் கோபித்துக்கொள்ளவில்லை.

அவள் பாட்டி