மைனி கொடுத்த கசேரை

என் சண்டைக்கார மைனிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பயப்படாதீர்கள், அண்ணனுக்கு ஒன்றுமில்லை. உள்ளே கிடப்பது பக்கத்து வீட்டுச் செல்வியின் மாமனார். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகு மொத்த வியாபாரம் செய்த மனுஷன், இப்போது இடுப்பில் வேட்டி நிற்கவில்லை.

உங்களுக்கு எப்படித் தொடங்கியது என்பதை மறக்க முடியுமா? பல் ஈறு வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் போட்டீர்கள். பிறகு வயிற்றால் போனது. "மருந்துச் சூடாக்கும்" என்று மோர் குடித்தீர்கள், மெடிக்கலில் நிறுத்துகிற மாத்திரையும் வாங்கி விழுங்கினீர்கள். மருந்து குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்றதில் கெட்டது ஒன்று பெருகிவிட்டது, நிறுத்துகிற மாத்திரை அதன் விஷத்தை உள்ளேயே தேக்கிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் கண் திறக்கவே இல்லை. பாவி மனுஷி, கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

வீட்டில் கிடந்த நாட்களில் நீங்கள் உட்கார்ந்தது அந்தக் கமோடு கசேரையில். என் அம்மாவுக்காக நீங்கள் வாங்கிய நாற்காலி. அதன்பின் தெருவில் யார் படுத்தாலும் அது அங்கே போய்விடும். சரசு கொடுத்த கசேரையில் உட்கார்ந்தால் எழுந்து நடந்துவிடலாம் என்று பேர். உங்களுக்கும் அதில் பெருமை கொஞ்சமா!

நேற்று புறவாசலில் அதைக் காணோம். அண்ணனைக் கேட்டேன்.

"செல்வி வீட்டுக்குக் குடுத்தாச்சு. லோஷன் போட்டுக் கழுவித்தான் குடுத்தேன்."

அந்தக் கிருமியின் வித்து சாதாரண லோஷனுக்குச் சாகாது, பிளீச்சிங் வேண்டும் என்று நர்ஸ் அன்றே சொன்னார். உங்கள் கட்டிலருகே நின்ற அண்ணன் காதில் அது ஏறவே இல்லை.

ஓடினேன். செல்வி சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "மாமா நெஞ்சுச் சளிக்கு ஆன்டிபயாடிக் எடுத்தாவ. இப்ப வயித்தால போவுது. மருந்துச் சூடாக்கும், பயப்படாண்டாம் அக்கா." அதே சொல், மைனி. கையிலும் அதே மாத்திரை.

தட்டிவிட்டேன். பின்னாலேயே வந்த அண்ணன் என் காதைக் கடித்தார்: "நம்ம கசேரையால வந்துன்னு தெரு பேசும் பிள்ள. சரசு பேரு என்னாவும்?"

"பேரு கெடக்கட்டும், ஆளு பொழைக்கட்டும்!" என்று கத்தினேன். உங்களைக் கொண்டுபோனது எது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அதற்கப்புறம் செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியவருக்கு வந்தது ஆன்டிபயாடிக்காலா, கசேரையாலா? டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. பரிசோதனை முடிவு சாயங்காலம் வரும். நீங்கள் போனபிறகு, செல்வி வீட்டுக்கு முன்னால் கசேரை வேறு எங்கெல்லாம் போனது என்று அண்ணனைக் கேட்டேன். இரண்டு வீடு ஞாபகம் இருக்கிறதாம். இன்னொரு வீடும் உண்டாம், அது யார் வீடென்று நினைவுக்கு வரமாட்டேன் என்கிறதாம்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சரசு குடுத்த கசேரையாக்கும் மக்களே. எனக்கு ஒண்ணும் வராது."



கசேரை போன வீடுகளைக் கண்டுபிடித்து எச்சரிக்க வீடு வீடாகப் போவேன், மைனி. முகத்திலடித்தமாதிரிக் கதவைச் சாத்தினாலும் தட்டுவேன். உங்கள் பேரைச் சொல்லித்தான் தட்டுவேன்.

உங்களோடு கடைசிவரை மல்லுக்கு நின்ற நாத்தனார்,
சொர்ணம்