பேர் வாயில் நுழையாத கப்பல்

ஸ்டமாத்தி,

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

“கம்பெனி பேரே வாயில நுழையல. யாரோ டேனிஷ்காரன் கப்பலை நம்பி ஏறணுமா?” என்று கத்திவிட்டுக் காப்பிக் கடைக்குப் போய்விட்டாய். எனக்கும் அந்த உல்லாசக் கப்பல்காரர்களைத் தெரியாதுதான். ஆனால் பகல் பன்னிரண்டு வரைதான் நமக்காக அறை ஒதுக்கி வைத்திருப்பார்களாம். டிக்கெட் கடைக்குப் போகிறேன்.

பிரேயஸ் துறைமுகத்துக்கு உனக்குச் சாப்பாடு கொண்டுவருவேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ கரையில் கயிற்றை அவிழ்த்துவிட்டதும் கப்பல் மெல்ல நகரும். மேல்தளத்திலிருந்து யாரோ கையசைப்பார்கள். நானும் அசைப்பேன். “யாருக்கு டாட்டா காட்டுற? உன் அத்தை மகனா போறான்?” என்று சீண்டுவாய்.

முப்பத்திரண்டு வருடம் ஊரார் கப்பலையெல்லாம் வழியனுப்பினாய். நாம் ஒன்றில்கூட ஏறவில்லை.

வேண்டாமென்றால் பன்னிரண்டுக்குள் டிக்கெட் கடைக்கு வந்து சொல். வராவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

எவாந்தியா

சூப்புக்கு எலுமிச்சை ஜன்னலோரம் இருக்கிறது.

இன்னொன்று. நம் கப்பலின் கயிற்றை வேறு யாராவது அவிழ்க்கட்டும். “அவிழ்க்கத் தெரியுதா பாரு இவனுக்கு” என்று மேலே நின்று நீ திட்டிக்கொண்டிரு. நான் கையசைத்துக்கொள்கிறேன்.